தர்பங்கா வக்கீல்

காந்திக்கு முதல் சந்திப்பில் அவரைப் பிடிக்கவில்லை. 1916 டிசம்பரில் லக்னோ காங்கிரஸ் நடந்தபோது, சம்பாரண் விவசாயி ராஜ்குமார் சுக்லா ஒரு வக்கீலைக் காந்தியின் கூடாரத்துக்கு அழைத்து வந்தார். கறுப்பு அல்பாகா அச்கன், கால்சராய். ஏழைக் குடியானவர்களை வைத்துப் பிழைக்கும் வக்கீல்களில் இவரும் ஒருவர் என்று காந்தி எண்ணினார். பிற்பாடு சுயசரிதையில் இதை ஒளிக்காமல் எழுதியவரும் அவரே.

அந்த வக்கீல் பிரஜகிஷோர் பிரசாத். 1877ல் பிகாரின் சாரண் ஜில்லாவில் பிறந்து, தர்பங்காவில் தொழில் நடத்தியவர். ராஜேந்திர பிரசாத் ஜனாதிபதியானார். பாட நூல்களில் இடம்பிடித்தார். அவர் மூத்தவராக மதித்த பிரஜகிஷோரைப் பிகாருக்கு வெளியே அறிந்தவர்கள் குறைவு. சம்பாரண் போராட்டத்தின் கதையிலிருந்து அவரை எடுத்துவிட்டால் பாதிக் கதை நகராது.

சம்பாரணில் 20 கட்டா கொண்டது ஒரு பீகா நிலம். அதில் மூன்று கட்டாவில் கட்டாயம் அவுரி பயிரிட வேண்டும் என்பது வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் வைத்த சட்டம். அதற்குத் தீன்கட்டியா என்று பெயர். 1897ல் ஜெர்மனியின் செயற்கைச் சாயம் சந்தைக்கு வந்ததும் அவுரியின் விலை விழுந்தது. முதலாளிகள் நஷ்டத்தைக் குடியானவன் தலையில் கட்டினார்கள். அவுரியிலிருந்து விடுதலை வேண்டுமா, குத்தகையை உயர்த்திக் கொடு, இல்லையேல் ரொக்கமாக ஈட்டுத்தொகை கொடு என்றார்கள். கடன் பத்திரங்களில் கைநாட்டுகள் குவிந்தன.

இந்தக் குடியானவர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடியவர் பிரஜகிஷோர். மாகாண சட்டசபையிலும் பிரச்சினையை எழுப்பினார். லக்னோ மாநாட்டில் சம்பாரண் பற்றிய தீர்மானத்தை முன்மொழிந்ததும் அவர்தான். நிலைமையை நேரில் பார்க்காமல் பேசமாட்டேன் என்று காந்தி ஒதுங்கிக்கொண்டிருந்தார்.

ஆனால் அவர் இலவசமாக வாதாடவில்லை. ஏழைகளிடமும் பீஸ் வாங்கினார். பீஸ் வாங்காவிட்டால் குடும்பம் நடக்காது, குடும்பம் நடக்காவிட்டால் ஏழைக்கு உதவ முடியாது என்பது அன்றைய வக்கீல்களின் கணக்கு. 1917 ஏப்ரலில் முசாபர்பூருக்கு வந்த காந்தி இந்தக் கணக்கை விசாரித்துத் திடுக்கிட்டார். பெரிய பாரிஸ்டர் ஒருவரின் அபிப்பிராயம் கேட்க மட்டும் 10,000 ரூபாய் கொடுத்ததாகச் சொன்னார்கள்.

காந்தி அங்கே கூடிய வக்கீல்களிடம் கோர்ட்டை மறந்துவிடச் சொன்னார். பயத்தில் நடுங்கும் மக்களுக்குக் கோர்ட்டால் பயனில்லை, முதலில் பயம் போகவேண்டும் என்பது அவர் வாதம். வக்கீல்களின் சட்ட ஞானமும் அவருக்குத் தேவைப்படவில்லை. உள்ளூர்ப் பேச்சு அவருக்கு எளிதில் விளங்கவில்லை. கைதி எழுத்தும் உருதும் வாசிக்க வராது. எனவே குமாஸ்தா வேலைக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது, சிறைக்கும் போக நேரலாம் என்றார்.

நாற்பது வயது வக்கீலிடம், குமாஸ்தாவாக வா என்று சொல்வது சாதாரண விஷயமல்ல. பிரஜகிஷோர் உடனே தலையாட்டவும் இல்லை. காந்தியைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல் ஒவ்வொரு சந்தேகமாகக் கேட்டார். எத்தனை பேர் வேண்டும், எத்தனை நாள், முறை வைத்து மாறிமாறி வரலாமா என்று விவரம் கேட்டுத் தெளிந்தபின் எல்லோர் சார்பிலும் சம்மதம் சொன்னார். சிறை என்பது புதிய விஷயம், அதற்கும் பழகிக்கொள்ளப் பார்ப்போம் என்றார். அவசரப்படாமல் கொடுத்த வாக்கு, கடைசிவரை நின்றது.

ஆயிரக்கணக்கான குடியானவர்களின் வாக்குமூலங்களை வக்கீல்கள் உட்கார்ந்து எழுதினார்கள். ஒவ்வொருவரையும் துருவிக் கேட்ட பிறகே எழுதவேண்டும்; முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறவரின் வாக்குமூலத்தைத் தள்ளிவிட வேண்டும். ரகசியப் போலீஸ்காரர் பக்கத்திலேயே இருந்தார். எதிர்க்கட்சிக்காரரை மடக்கப் பழகிய குறுக்கு விசாரணை, இங்கே தங்கள் பக்கத்து ஆளின் சொல்லைப் புடைத்தெடுக்கப் பயன்பட்டது. அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழுவின் முன் காந்தி உறுதியாக நிற்க முடிந்ததில் இந்தக் காகிதக் கட்டுகளுக்குப் பங்குண்டு. 1918ல் வந்த சம்பாரண் விவசாயச் சட்டம் தீன்கட்டியாவை ஒழித்தது.

இந்த வேலைக்கான பணத்தைச் சம்பாரண் குடியானவர்களிடம் வாங்கக் கூடாது என்று காந்தி தடுத்துவிட்டார். பிரஜகிஷோரும் நண்பர்களும் வெளியே இருந்த வசதியுள்ள பிகாரிகளிடம் திரட்டினார்கள். மொத்தச் செலவு 3,000 ரூபாயைத் தாண்டவில்லை என்று காந்தி நினைவுகூர்கிறார். ஒரு பாரிஸ்டரின் அபிப்பிராயத்துக்கு ஆன செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

வீட்டுப் பழக்கங்களும் ஆட்டம் கண்டன. சம்பாரணுக்கு வந்த வக்கீல்கள் ஆளுக்கொரு வேலைக்காரர், ஆளுக்கொரு சமையல்காரர் என்று வந்திருந்தார்கள். சிலர் சாப்பிட நடுராத்திரி ஆகும். காந்தி அவர்களைக் கேலி செய்தே வேலைக்காரர்களை அனுப்பவைத்தார். பொதுச் சமையல் வந்தது. சாதிக்கொரு அடுப்பு அணைந்தது.

குடும்பத்துக்கும் பொதுக் காரியத்துக்கும் நடுவே பிரஜகிஷோர் சுவர் எழுப்பவில்லை. மகள் பிரபாவதியை 1920ல் ஜெயப்பிரகாஷ் நாராயணுக்கு மணம் செய்து கொடுத்தார். 1922ல் மாப்பிள்ளை படிக்க அமெரிக்கா போனார். மகள் சபர்மதி ஆசிரமத்தில் வளர்ந்தார். அங்கே பிரம்மசரிய விரதம் பூண்ட பிரபாவதி, பின்னர் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். இன்னொரு மகள் ராஜேந்திர பிரசாத்தின் மகனுக்கு வாழ்க்கைப்பட்டார். குடும்பத்துக்காகத்தான் பீஸ் என்று கணக்குப் போட்ட வர்க்கத்தில் பிறந்த ஒருவர், ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலையே துறந்தார். பிள்ளைகளுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து எது என்பதை மகளின் வாழ்க்கை சொல்லும்.

சுதந்திரத்துக்கு ஓராண்டு முன், 1946ல் அவர் காலமானார்.

ஜில்லா கோர்ட் வாசல்களில் இன்றும் தனக்குப் புரியாத மொழியில் எழுதிய காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, 'என்ன எழுதியிருக்கு சாமி?' என்று கேட்கும் கட்சிக்காரர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் வக்கீல்களும் ஊருக்கு ஓரிருவர் உண்டு. சரித்திரம் அவர்கள் பெயரைக் குறித்துக்கொள்வதில்லை. தர்பங்கா வக்கீல் அவர்களுக்கு முன்னோடி.