பம்பாய் வகைக் குருதிக்குப் பதிவேடு வேண்டும்

எவர்க்கும் ஏற்றலாம் என்று நம்பப்படும் ஓ வகைக் குருதியே சிலரது உயிரைப் பறித்துவிடும். இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவர் இந்த நிலையில் வாழ்கிறார். அவரது குருதி பம்பாய் வகை எனப்படுகிறது. மருத்துவர் ஒய். எம். பெண்டேயும் உடன் ஆய்ந்தோரும் பம்பாய் நகரில் கண்டறிந்த இவ்வகை, 1952-இல் 'லான்செட்' இதழின் வழியே உலகுக்குத் தெரியவந்தது. ஐரோப்பாவில் பத்து இலட்சம் பேரில் ஒருவர்க்கே இது அமையும் என்று கணிக்கின்றனர். ஆகவே, இதற்கு வழிகாணும் பொறுப்பு முதன்மையாக நம்முடையது.

ஏ, பி, ஏபி, ஓ ஆகிய நான்கிற்கும் எச் என்னும் ஆன்டிஜென்னே அடித்தளம். சிவப்பணுவின் மேலுள்ள எச்சுடன் ஒருவகைச் சர்க்கரை சேர்ந்தால் ஏ; வேறொன்று சேர்ந்தால் பி; இரண்டும் அமைந்தால் ஏபி. எதுவும் சேராமல் எச் மட்டும் நிற்பதே ஓ. பம்பாய் வகையினர்க்கோ அந்த எச்சே இல்லை. அதனை ஆக்கும் மரபணு, பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதுற்றே வந்திருக்கும். ஏ, பி மரபணுக்கள் உடலில் இருந்தும் வெளிப்பட வழியில்லை. ஏபி வகைத் தந்தையின் குழந்தைக்கு ஓ என்று சீட்டு எழுதப்படுவதும் இதனால் நேரலாம். அதைக் கொண்டு ஒரு தாயின் ஒழுக்கத்தை ஐயுறுவது பெருங்கொடுமை.

கண்ணாடிச் சில்லில் இட்ட இவர்களது குருதி, ஏ, பி இரண்டுக்குமான சோதனை நீர்மங்களில் எதிலும் திரளாது. அத்துடன் நிறுத்தினால் ஓ என்றே முடிவு கட்டுவர். ஆனால், இவர்களது பிளாஸ்மாவை ஓ வகைச் சிவப்பணுக்களோடு கலந்து பார்த்தால் அணுக்கள் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். எச்சை அழிக்கும் எதிர்ப்பொருள் அதில் இருப்பதே காரணம். உடலுக்குள் இதே வினை நிகழ்ந்தால், ஏற்றிய அணுக்கள் சிதைந்து சிறுநீரகம் செயலிழக்கும். எனவே, பிளாஸ்மாவை இவ்வாறு ஆராயும் பின்னோக்குச் சோதனையையும், ஏற்றவிருக்கும் குருதியோடு கலந்து பார்க்கும் பொருத்தச் சோதனையையும் எந்த அவசரத்திலும் கைவிடலாகாது.

மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் மாநிலத்தில், பழுதுற்ற இரு மரபணுக்கள் ஒரு குழந்தையிடம் கூடும் வாய்ப்பு மிகுதி. ஒருவர்க்கு இவ்வகை உறுதியானால், அவருடைய உடன்பிறந்தார் அனைவரையும் சோதிக்க வேண்டும். பெற்றோர் இருவரும் மறைவாக அம்மரபணுவைச் சுமப்போரானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு.

இன்றோ அறுவைக்கு நாள் குறித்த பின்னரே இதே வகைக் கொடையாளரைத் தேடி அலைகிறோம். மாநில அரசு, இவ்வகையினர் விரும்பித் தம்மைப் பதிந்துகொள்ளும் மறைகாப்புள்ள பதிவேட்டைத் தொடங்க வேண்டும். அவர்கள் தரும் குருதியைச் சேமித்தும் வைக்க வேண்டும். குளிரூட்டிய சிவப்பணுக்கள் 42 நாள்களுக்கு மேல் நில்லா. கிளிசராலுடன் கடுங்குளிரில் உறையவைத்தாலோ பத்தாண்டுகள் காக்கலாம். அதற்குரிய உறைகுளிர்க் காப்பகம், முதற்கட்டமாகச் சென்னையிலும் மதுரையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளில் அமையட்டும். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அதற்குப் பணம் ஒதுக்கப்பட வேண்டும்.