நாமே உண்டாக்கிய பிரிவினைகள்



1919ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் தேசத்துப் போதகர்கள். அசரியா அத்தியட்சரும் அவர்களோடிருந்தார். வெவ்வேறு பெயர்களால் பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அவர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். அந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, அவை வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை என்பதே அவர்களுடைய துக்கம். 28 ஆண்டுகளுக்குப் பின், 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அந்த நாளைக் காணாமலே அசரியா 1945இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இன்று நம் நடுவே உள்ள பிரிவினைகளைக் குறித்து, "நாங்கள் உண்டாக்கவில்லை" என்று நாம் சொல்லக் கூடுமா? சாதியை எந்த மிஷனெரியும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வரவில்லை. சேகரத் தேர்தல் முடிந்து ஆண்டுகள் சென்றும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருக்க நமக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மரித்தவர்களுக்கும் சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிய ஊர்கள் நம் தமிழ்நாட்டில் உண்டு. இவையெல்லாம் நம் கையின் கிரியைகள்.

கொரிந்து சபையிலும் இதுவே நடந்தது. கர்த்தருடைய பந்திக்கென்று கூடிவந்த இடத்தில் வசதியுள்ளோர் முந்திப் புசித்தார்கள். ஏழைகள் வெறும் வயிற்றோடு வெட்கப்பட்டு நின்றார்கள். நீங்கள் உண்பது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று பவுல் அவர்களைக் கடிந்துகொண்டார் (1 கொரிந்தியர் 11). அப்பமும் இரசமும் இருந்தன. சகோதரன் மட்டும் கணக்கில் இல்லை.

இதை எழுதும் நானும் குற்றமற்றவன் அல்ல. பேச்சற்றுப்போன இரு குடும்பத்தார் பீடத்தின் இரு முனைகளில் முழங்காற்படியிட, ஒரே பாத்திரத்தை இருவருக்கும் நீட்டியிருக்கிறேன். சண்டை வெளியே வராதிருந்தால் போதும் என்று வாளாவிருந்தேன். அதைச் சமாதானம் என்று எண்ணிக்கொண்டேன்.

அது சமாதானம் அல்ல, பிரியமானவர்களே. காயப்பட்டவனை நோக்கி, "சபையின் ஒற்றுமைக்காகப் பொறுத்துக்கொள்" என்று சொல்வதும் ஐக்கியம் அல்ல. அவமதித்தவன் இறங்கிவந்து மன்னிப்புக் கேட்கும்போதுதான் ஐக்கியம் தொடங்குகிறது. காணிக்கையைப் பீடத்தண்டையிலே வைத்துவிட்டு, முதலாவது சகோதரனிடத்தில் போகும்படி நம் ஆண்டவர் கட்டளையிட்டார் (மத்தேயு 5). அவனுக்கு நம்பேரில் குறை உண்டென்றால், புறப்பட வேண்டியவர்கள் நாமே.

வருகிற ஞாயிறு திருவிருந்து ஆராதனை. சனிக்கிழமை மாலை நீங்கள் தட்ட வேண்டிய கதவு எதுவென்று உங்களுக்குத் தெரியும். நான் தட்ட வேண்டிய கதவும் ஒன்று உண்டு, நான் போகிறேன். நீங்களும் போங்கள். வெளியிலிருந்து வந்த சுவர்களைத் தகர்க்க நம் முன்னோர் 28 ஆண்டுகள் பிரயாசப்பட்டார்கள். நாமே கட்டிய சுவரை இடிக்க ஒரு சனிக்கிழமையையாவது கொடுப்போம்.

நம்மை ஒரே சரீரமாக்கிய கர்த்தர் அதற்கான தாழ்மையை நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.