கடலுக்கு ஏன் மே மாசமே போகணும்? தருமபுரிக்காரர்கள் மாற்ற வேண்டிய ஒரு பழக்கம்

ஒகேனக்கல் போகலாமா என்று யாராவது கேட்டால், தருமபுரி மாவட்டத்தில் உடனே வரும் எதிர்க்கேள்வி ஒன்றுதான்: “தண்ணி எவ்வளவு வருது?” பிலிகுண்டுலுவில் இத்தனை ஆயிரம் கன அடி, பரிசல் ஓடுதா, குளிக்கத் தடையா என்று செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்போம்.

அதே நாம் கடலுக்குப் போகும்போது? ஸ்கூல் லீவு விட்டாச்சு, வேன் பேசியாச்சு, புளிசாதம் கட்டியாச்சு, கிளம்பு! கடல் எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. இந்தப் பழக்கம்தான் பிரச்னை என்கிறேன் நான்.

என் பாட்டி முதன்முதலில் கடலைப் பார்த்தது 60 வயசுக்கு மேல். மே மாசம், மத்தியான வெயில். மணல் சுட்டதில் பத்தே நிமிஷத்தில் வேனுக்குத் திரும்பிவிட்டார். “கடல்னா இவ்வளவுதானா?” என்று கேட்டார். தப்பு கடல் மேல் இல்லை, நாம் போன தேதி மேல்.

மே மாசத்தில் என்ன சிக்கல்?

முதலில் செலவு. எல்லா ஊர்க்காரர்களுக்கும் அப்போதுதான் லீவு என்பதால் ரூம் வாடகை ஏறும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீன்தான் கிடைக்கும், அதனால் விலையும் கூடும். மீன் சாப்பிடவே கடற்கரைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செலவை விடப் பெரிய விஷயம் உயிர். எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசும் புயல்காற்று எழுப்பும் அலைகள், சில நாட்கள் பயணித்து கேரளா, கன்னியாகுமரி கரைகளில் வந்து மோதும். கோடையில் இது அதிகம். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் திடீரென்று பொங்கும். கேரள மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் ‘கள்ளக்கடல்’. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கடல் சீற்றம் பற்றிய எச்சரிக்கை முன்பே வந்திருந்தது.

நம் ஊர்ப் பிள்ளைகள் நீச்சல் கற்றுக்கொள்வது கிணற்றில். அந்தத் தைரியத்தில்தான் கடலில் இறங்குகிறார்கள். ஆனால் கிணற்றுத் தண்ணீர் யாரையும் இழுத்துக்கொண்டு போவதில்லை. கடலில் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம்தான் பல சமயம் உள்ளே இழுக்கும் நீரோட்டம் இருக்கும் இடம். அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். இது நமக்கு யாரும் சொல்லித் தராத பாடம்.

சரி, எப்போதான் போவது?

ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை: என் ஓட்டு இதற்குத்தான். வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. அரூர், திருவண்ணாமலை வழியாகப் புதுச்சேரி சுமார் 220 கிலோமீட்டர். சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினால் ஞாயிறு இரவு வீடு திரும்பலாம். இன்னும் ஒரு நாள் இருந்தால் பிச்சாவரம் படகு சவாரி, 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய தரங்கம்பாடி என்று நீட்டிக்கலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: தென்மேற்குப் பருவக்காற்றில் கன்னியாகுமரிப் பக்கம் கடல் கொந்தளிக்கும், விவேகானந்தர் பாறைக்குப் படகு அடிக்கடி நிற்கும். ராமேஸ்வரத்தில் தெற்கே மன்னார் வளைகுடாவை ‘ஆண் கடல்’ என்றும், வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தை ‘பெண் கடல்’ என்றும் சொல்வார்கள். இந்த மாதங்களில் ஆண் கடல் முரட்டுத்தனமாக இருக்கும், பெண் கடல் அமைதி காக்கும். காலாண்டு லீவில் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் நல்லது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: வேண்டவே வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், நம் பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டிவிட்டுப் போனது. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கும் நமக்கே அந்த நிலை என்றால், கரையில் எப்படி இருந்திருக்கும்?

“பசங்களுக்கு லீவு கிடைக்க வேண்டாமா?”

நியாயமான கேள்வி. ஆனால் கடல் பார்க்கப் பத்து நாள் லீவு தேவையில்லை, ஒரு சனி, ஞாயிறு போதும். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம்மில் பலர் லீவை எல்லாம் சேர்த்து வைத்து மே மாதம் ஒரே மூச்சில் எடுக்கிறோம். அதில் ஒரு நாளை பிப்ரவரிக்கு மாற்றினால் என்ன?

இங்கிலாந்தில் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. லங்காஷயர் பஞ்சாலை நகரங்களில் ஒவ்வொரு ஊருக்கும் கோடையில் தனித்தனி விடுமுறை வாரம். நம் ஊர் மாரியம்மன் பண்டிகை மாதிரி, அதுவும் ஊர்த் தேவாலயத் திருவிழாவிலிருந்து வந்ததுதான். இந்த வாரம் ஓர் ஊர் ஆலையை மூடிவிட்டுப் பிளாக்பூல் கடற்கரைக்கு ரயில் ஏறும், அடுத்த வாரம் இன்னோர் ஊர். பிளாக்பூலும் கோடையோடு கடையைக் கட்டவில்லை, இலையுதிர் காலத்தில் கரை நெடுக விளக்கு அலங்காரம் செய்து கூட்டத்தை வரவழைத்தது. எல்லோரும் ஒரே வாரத்தில் குவியாமல் இருந்தால், போகிறவருக்கும் நல்லது, கடலோரத்தில் கடை வைத்திருப்பவருக்கும் நல்லது.

எந்த மாதம் போனாலும் முந்தின நாள் ஒரு வேலை செய்யுங்கள். வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கையையும், ஹைதராபாத்தில் உள்ள ‘இன்காய்ஸ்’ மையத்தின் அலை எச்சரிக்கையையும் போனில் பாருங்கள். கடலிலேயே பிழைக்கிற மீனவரைப் போக வேண்டாம் என்று சொல்லும் நாளில், கிணற்று நீச்சல்காரர் இறங்கக் கூடாது. ஒகேனக்கல்லுக்கு முன் கன அடி பார்க்கும் நமக்கு இது புதுப் பழக்கம்கூட இல்லை.

வரும் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமையை நான் குறித்துவிட்டேன். பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறேன், இந்த முறை சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் கரைக்கு.