காணாது கொள்ளும் மாண்டலின்

மயிலாப்பூர் மாடவீதியில் கத்தரிக்காய் வாங்குவோரும் அதனைக் கையிலெடுத்துப் புரட்டிப் பாராமல் வாங்குவதில்லை. வீணை வாங்குவோர் குருவை உடனழைத்துச் சென்று, மீட்டியும் தட்டியும் பார்த்த பின்னரே விலை பேசுவர். கர்நாடக சங்கீதத்திற்கு இசைந்த மாண்டலினோ கடைகளில் எளிதிற் கிடைப்பதன்று. இணையத்திற் கண்ட படத்தை நம்பிப் பணத்தை அனுப்பிவிட்டுப் பெட்டி வருமளவும் காத்திருத்தலே பெரும்பான்மை மாணாக்கர் கதி. அங்ஙனம் காத்திருந்தோருள் யானும் ஒருவன்.

எனக்கு வந்த கருவி கண்ணுக்கு இனியது. ஆனால் தந்திகள் மெட்டுகளினின்றும் வெகு உயரத்தில் நின்றன. பல திங்கள் சாதகம் செய்து விரல்நுனி புண்ணானதே கண்ட பலன். பிழை என் விரலினது என்றே நம்பியிருந்தேன். அடையாற்றில் ஆசிரியர் ஒருவர் அதனை வாங்கிப் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி ஒருமுறை மீட்டினார். ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். விற்றவர் திரும்பப் பெற மறுத்தார். பணம் போனது பெரிதன்று. அபசுவரத்திற்குப் பழகிய செவியைத் திருத்த ஓராண்டு ஆயிற்று.

நிற்க. மேனாட்டு மாண்டலினில் எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாக நான்கு சோடிகளாய் அமைந்திருக்கும். மீட்டிய நாதம் விரைவில் மங்கும். சோடித் தந்திகளை இழுத்தாலோ இரண்டும் ஒரே அளவில் அசையா. நம் கமகங்கட்கு இவ்விரண்டும் பெருந்தடை. 1969-இல் ஆந்திர நாட்டுப் பாலகொல்லில் பிறந்து 2014-இல் சென்னையில் மறைந்த உ. ஸ்ரீநிவாஸ், ஒற்றைத் தந்திகள் ஐந்து பூட்டிய மின்சார மாண்டலினால் இத்தடையைக் கடந்தார். 1981-இல் இந்தியன் பைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் மார்கழிக் கச்சேரியில் அவர் வாசித்தபோது அவர் சிறுவர். அவருக்குக் கற்பித்த ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிப்பவரல்லர். அவர் வாயாற் பாட, சிறுவர் அதனைத் தந்தியில் எழுப்புவாராம். குரலின் பின் செல்லவல்லதா என்பதே நம் கருவிக்கு உரிய சோதனை என்று இதனால் துணிகின்றேன்.

ஆதலின், மரமும் மெருகும் பற்றி வினவுமுன் ஸ்வரஸ்தானத்தை வினவுக. வீணையின் மெட்டுகள் மெழுகின்மேல் நிற்பன. பிழையிருப்பின் மீண்டும் மேளங்கட்டிக் கொள்ளலாம். மாண்டலினில் குதிரையை நகர்த்தி ஓரளவு சீர்செய்யலாமேயன்றி, மெட்டே பிழையாகப் பதிந்திருப்பின் எளிய பரிகாரமில்லை. விற்பவரிடம் ஓர் ஒலிப்பதிவு கேளுங்கள். ஒவ்வொரு தந்தியையும் பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேலே மெல்லத் தொட்டு மீட்டி, பின் அதே இடத்தில் அழுத்தி மீட்டவேண்டும். இரண்டும் ஒரே சுருதியில் நிற்றல் வேண்டும். ஒரு ஸ்வரத்தை மீட்டி அது தானே அடங்குமளவும் விடவும் சொல்லுங்கள். எதிரொலி முதலிய ஒப்பனை கூடாது. அம்மெட்டிற்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளவுகோல் வைத்துப் படமெடுக்கச் சொல்லுக. ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் என்றால் விரல் பிழைக்கும். திருப்பி அனுப்பும் உரிமையை எழுத்திற் பெறுக.

பெயர்பெற்ற உற்பத்தியாளர் கருவி என்றால் இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்பர் சிலர். ஒரே பட்டறையில் தோன்றிய இரண்டு கருவிகளும் ஒன்றுபோல் இரா. அன்றியும், வறண்ட ஊரிற் செய்த மரம் நம் கடற்காற்றிற்கு வந்து ஈரத்தை உண்டு தண்டு வளைதல் உண்டு. எஃகுத் தந்தி துருவேறுவதை அடையாற்றில் வாழ்வோர்க்கு யான் சொல்ல வேண்டுவதில்லை.

இப்படியெல்லாம் கேட்டால் வணிகர் சினப்பாரே எனின், சினக்கட்டும். பணம் நம் கையில் இருக்கும்போதே அவர் இயல்பு தெரிந்துவிடுகின்றதன்றோ?

என் இரண்டாம் கருவி முதலதினும் விலை குறைந்தது, மெருகும் மட்டமே. ஒலிப்பதிவை ஆசிரியர் இருமுறை கேட்டுத் தலையசைத்த பின்னரே அதற்குப் பணம் அனுப்பினேன். முதற் கருவி இன்றும் சுவரில் ஆணியில் தொங்குகின்றது.