பூனைதானே!

"பூனைதானே, அதற்குப் போயா இப்படி?" வளர்த்த பூனையை இழந்து துவண்டிருக்கும் ஒருவரிடம் நம்மில் பலர் சொல்லும் ஆறுதல் இதுதான். துவண்டிருப்பவர் ஆண்பிள்ளையாக இருந்துவிட்டால் ஆறுதலோடு ஒரு சிரிப்பும் இலவசமாகக் கிடைக்கும். 2024-இல் பருவத் தேர்வுக்கு முந்திய வாரம் விடுதியில் இரண்டையும் நிறையவே பெற்றுக்கொண்டவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

வளர்ந்த பூனைக்குச் சோறு வைப்பது வேறு, கண் திறக்காத குட்டியைக் கையில் வைத்து ஆளாக்குவது வேறு. 2017-இல் நான் இரண்டாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சுங்கை பட்டாணியில் எங்கள் வீட்டுப் பின்புறச் சாக்கடையோரம் மழையில் நனைந்து கிடந்தான் குண்டு. உள்ளங்கைக்குள் அடங்கிப்போகும் அளவில் இருந்ததால்தான் அந்தப் பெயர்!

பூனைக்குட்டி பொதுவாகப் பிறந்த 7 முதல் 14 நாளுக்குள் கண் திறக்கும். மாட்டுப்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு கண்டுவிடும். குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவைக் கரைத்து, இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவிலும் புகட்ட வேண்டும். மனிதக் குழந்தையைப்போல் மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற வைத்துத்தான் கொடுக்க வேண்டும். உடல் சில்லிட்டிருந்தால் முதலில் சூடு, பிறகுதான் பால். ஏறக்குறைய மூன்று வாரம் வரை அதற்குத் தானாகச் சிறுநீர்கூடப் போகத் தெரியாது. தாய் நக்கிவிடுவதற்குப் பதிலாக நாம் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட வேண்டும். "பூனையெல்லாம் வீட்டுக்குள் வேண்டாம்" என்று சொன்ன அம்மாதான் விடியற்காலை மூன்று மணி முறையை எடுத்துக்கொண்டார்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன்? இழந்தவர் அந்த உயிருக்கு என்னவாக இருந்தார் என்று பார்த்துத்தான் இழப்பை அளக்க வேண்டும் என்பது என் கருத்து. குண்டுவுக்கு நாங்கள் தாய்.

அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989-இல் இத்தகைய துயரத்தைப் பற்றி ஒரு நூலையே வெளியிட்டார். அவர் வைத்த பெயரைத் தமிழில் 'உரிமை மறுக்கப்பட்ட துயரம்' எனலாம். சுற்றியிருப்போர் துயரமென்றே ஏற்காத துயரம் அது. உறவினர் இறந்தால் கருமாதி உண்டு, விடுப்பு உண்டு, வீட்டு வாசலில் வந்து நிற்க ஆளுண்டு. பூனையை இழந்தவனுக்கு இவற்றில் எது உண்டு? மறுநாள் காலை எட்டு மணி விரிவுரைக்குப் போயாக வேண்டும், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், தமிழ்ப்பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்த கதைகளே வேறு. முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. மயிலுக்குப் போர்வை தந்தான் பேகன். கன்றை இழந்த பசுவுக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டான் மனுநீதிச் சோழன். பேச்சுப் போட்டி மேடையில் இவர்களை முழங்காதவர் நம்மில் யார்? அதே நாம்தான் பூனை குறுக்கே போனால் சகுனம் பார்க்கிறோம். பூனைக்காக அழுபவனைக் கண்டால் சிரிக்கிறோம். இடைநிலைப்பள்ளியில் என்னோடு படித்த மலாய் நண்பனுக்குப் பாரியைத் தெரியாது. செய்தி கேட்டதும் அவன் அழைத்தான். என்ன நோய், எங்கே புதைத்தீர்கள், அம்மா சாப்பிட்டாரா என்று வரிசையாகக் கேட்டான். தேசியப் பள்ளிக்குப் போனால் தமிழ்ப் பண்பு போய்விடும் என்று எச்சரித்த பெரியவர்கள் இதை மன்னிப்பார்களாக.

குண்டுவுக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. "முன்பே கவனித்திருக்கலாமே" என்று சிலர் அம்மாவிடம் சொன்னார்கள். இது 'பூனைதானே'யை விடக் கொடுமை. சிறுநீரகச் செயல்திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போன பிறகே பெரும்பாலும் பூனையிடம் அறிகுறி தெரியும். நோயை மறைப்பதில் பூனை கெட்டிக்காரன். இதைக் கால்நடை மருத்துவர் விளக்கிய பிறகுதான் அம்மா இரவில் உறங்கினார். இன்னொரு குட்டி வாங்கிக்கொள் என்பவர்களும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே சொல்லாதீர்கள். அந்த வாரம் உங்கள் அறைத்தோழனுக்கு ஒரு தேநீர் கலக்கிக் கொடுத்து, அதன் பெயரென்ன என்று கேளுங்கள். அவன் பேசுவான். நான் பேசக் காத்திருந்தேன்.

விடுமுறைக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம் பயணம் செய்து வீட்டுக்குப் போனேன். அப்பா குண்டுவை முருங்கை மரத்தடியில் புதைத்து, நாய் தோண்டாதிருக்க மேலே பாதைக்கல் பதித்திருந்தார். நெத்திலி சுத்தம் செய்யும்போது தலைகளை அம்மா இன்றும் தனிக்கிண்ணத்தில்தான் எடுத்து வைக்கிறார். கேட்டால், குப்பையில் கொட்டத்தான் என்கிறார்.