கருந்திரையும் கைநாட்டும்

என் பாட்டனார் கைநாட்டு வைத்தவர். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எழுதியவர் சொல்லக் கேட்பார், மை தடவிய பெருவிரலை அழுத்துவார், வீடு திரும்புவார். எழுதியவர் நல்லவராயின் நிலம் நிலைத்தது. அல்லராயின் நிலம் போயிற்று. அத்தலைமுறையை எண்ணி நாம் இரங்குகிறோம். ஆனால், நண்பர்களே! பட்டம் பெற்று, மேற்படிப்புக்காகப் பெங்களூர் வந்திருக்கும் நம்முள் எத்தனை பேர் இன்றும் கைநாட்டு வைக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

வியப்படைய வேண்டா. நான் சொல்வது கணினியின் கருந்திரையைப் பற்றி.

தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரில் தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கு வந்த முதல் மாதம். ஆய்வகத்தில் ஒரு கணினியின் முன் அமரச் செய்தார்கள். படமில்லை, சுட்டிக்கு வேலையில்லை. கறுப்புத் திரையில் ஒரு சிறு கோடு மட்டும் மின்னி மின்னி மறைந்தது. “கோப்பு எங்கே இருக்கிறது, அண்ணா?” என்று பக்கத்திலிருந்த மூத்த மாணவரைக் கேட்டேன். “நீ எங்கே இருக்கிறாய் என்று முதலில் பார், தம்பி” என்றார். நான் நாற்காலியில் இருந்தேன்! வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

குறை என்னுடையது மட்டுமன்று. கைப்பேசியில் வளர்ந்த தலைமுறை நாம். படத்தைத் தொட்டால் படம் வரும். பாட்டைத் தொட்டால் பாட்டு வரும். அவை எங்கே வைக்கப்பட்டுள்ளன என்று கேட்க வேண்டிய தேவையே நமக்கு நேரவில்லை. கணினியோ ஓர் ஊரைப் போன்றது. ஊருக்குள் தெரு, தெருவுக்குள் வீடு, வீட்டுக்குள் அறை, அறைக்குள் பெட்டி. கோப்புறைக்குள் கோப்புறை, கடைசியில் கோப்பு. எல்லாவற்றுக்கும் மேலே ‘வேர்’ எனப்படும் ஒரே கோப்புறை. விலாசம் தெரிந்தவன் வழி தவறான். தெரியாதவன் தன் வீட்டுக் கதவையே தட்டித் தட்டித் தேடுவான்.

அந்த ஊரில் நடமாட எத்தனை சொல் வேண்டும்? ஏழே ஏழு! நிற்கும் இடத்தைச் சொல்வது பிடபிள்யூடி. பொதுப்பணித் துறை என்று மயங்க வேண்டா. அங்கே இருப்பவற்றைப் பட்டியலிடுவது எல்எஸ். இடம் மாறச் சிடி. அதன்பின் இடைவெளி விட்டு இரு புள்ளி இட்டால் ஒரு படி மேலே ஏறலாம். புதுக் கோப்புறை அமைக்க எம்கேடிர். படியெடுக்கச் சிபி. இடம் மாற்றவும் பெயர் மாற்றவும் எம்வி. அழிக்க ஆர்எம். அவ்வளவே! ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம்.

“இவையெல்லாம் ஆங்கிலமாயிற்றே, ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு எளிது, நமக்கு அரிது” என்று கூறும் தோழர்களை நான் அறிவேன். நானும் அவ்வாறே எண்ணி ஒதுங்கி நின்றவன். ஆனால் எம்வி என்பதும் ஆர்எம் என்பதும் எந்த ஆங்கிலேயன் வீட்டில் பேசும் மொழி? 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் அமைப்பை உருவாக்கத் தொடங்கிய காலத்தில், நொடிக்குப் பத்தெழுத்தே அடிக்கும் தொலைத்தட்டச்சுப் பொறிகள்தாம் இருந்தன. ஆகவே சொற்களை வெட்டிச் சுருக்கினார்கள். சுருங்கிய அச்சொற்களை ஆங்கிலேயனும் புதிதாகத்தான் கற்க வேண்டும். கருந்திரையின் முன் அனைவரும் ஒரே வகுப்பு மாணவர்களே!

கோப்புக்குத் தமிழில் பெயரிடவும் தடையில்லை. அதே கென் தாம்சன், ராப் பைக்குடன் சேர்ந்து 1992இல் வகுத்த யுடிஎஃப்-8 என்னும் குறியீட்டு முறையில் தமிழ் எழுத்துகளும் கணினிக்குள் செல்கின்றன. ‘தமிழ்’ என்னும் சொல் அதில் 15 பைட்டுகளைக் கொள்ளும். லினக்ஸில் ஒரு பெயருக்குப் பொதுவாக 255 பைட்டுகள் வரை இடமுண்டு. ஆயினும் பழைய ஆய்வு மென்பொருள்கள் சில தமிழ்ப் பெயர் கண்டு தடுமாறக்கூடும். ஆதலின் சொந்தக் குறிப்புக்குத் தமிழ்ப் பெயரும், பலரோடு பகிரும் தரவுக்கு எளிய ரோமன் எழுத்துப் பெயரும் சூட்டுவது அறிவுடைமை.

அறியாமையின் விலை என்ன? நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். மூன்று வாரம் கணினி ஓடி ஈட்டிய முடிவுகள் ஒரு கோப்புறையில் இருந்தன. ‘டெம்ப்’ என்று தொடங்கும் தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்க எண்ணினேன். ஆர்எம் கட்டளையை அடித்து, ‘டெம்ப்’ என்று எழுதி, அதையொட்டி நட்சத்திரக் குறி இட வேண்டும். கை தவறிச் சொல்லுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்தது. தனித்து நிற்கும் நட்சத்திரத்துக்கு ‘எல்லாம்’ என்பது பொருள். “உறுதிதானா?” என்று கணினி கேட்கவில்லை. பணிவான வேலைக்காரனைப்போல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அமைதியாக நின்றது.

“திரும்ப எடுக்க வழியில்லையா, அண்ணா?”

“இல்லை தம்பி. இங்கே குப்பைத் தொட்டி கிடையாது.”

அன்றிரவு நான் உண்ணவில்லை. பிறகு அறிந்தேன், பெரியவர்களும் இக்குழியில் விழுந்திருக்கிறார்கள் என்று. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ திரைப்படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, தவறான இடத்தில் இட்ட இதே ஆர்எம் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் படிகளும் பழுதுபட்டிருந்தன. குழந்தை பெற்று வீட்டிலிருந்தே பணிபுரிந்த காலின் சஸ்மன் என்னும் அம்மையாரின் வீட்டுக் கணினியில் இருந்த படிதான் காப்பாற்றியது.

இதனால் நான் கற்ற பாடங்கள் நான்கு. அழிக்குமுன் அதே பெயரை எல்எஸ் கட்டளைக்குக் கொடுத்து, எவை அகப்படுகின்றன என்று பார்க்க வேண்டும். ஆர்எம் என்பதன்பின் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ஐ எழுத்தும் சேர்த்தால் ஒவ்வொன்றையும் கேட்டே அழிக்கும். சிபியும் எம்வியும்கூட, அதே பெயரில் கோப்பு முன்பே இருந்தால் பெரும்பாலும் கேளாமலே அதன்மேல் எழுதிவிடும். இறுதியாக, மூலத் தரவுக்கு வேறோர் இடத்தில் படி இருந்தே தீர வேண்டும். ‘கடைசி’, ‘கடைசிக்கும் கடைசி’ என்று பெயரிடுவதை விடுத்து, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணிட்டால் கோப்புகள் தாமே முறைப்படி நிற்கும்.

“செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் கட்டளையை எழுதித் தருமே; நாம் ஏன் கற்க வேண்டும்?” என்பது இன்றைய வாதம். எழுதித் தரும், மறுக்கவில்லை. பெரும்பாலும் சரியாகவே தரும். என் பாட்டனாருக்கும் பத்திரம் எழுதித் தந்தார்கள் அல்லவா? அழிவது எது, எஞ்சுவது எது என்று படித்தறிய இயலாதவன், பிறர் எழுதிய கட்டளையின்கீழ் விசையைத் தட்டுவது கைநாட்டன்றி வேறென்ன?

இந்நகரின் இந்திய அறிவியல் கழகத்தில் 2022இல் நிறுவப்பட்ட பரம் பிரவேகா 3.3 பெட்டாஃபிளாப் ஆற்றல் கொண்ட மீக்கணினி. அதற்கு வேலை தருபவர்கள் தொலைவிலிருந்து கட்டளை தட்டியே தருகிறார்கள். உலகின் முதல் 500 மீக்கணினிகளும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்கி வருகின்றன. வானியலாயினும் உயிரியலாயினும் பெருங்கணக்கின் வாயில் இந்தக் கருந்திரையே. வாயிற்படியில் அஞ்சி நின்றால் உள்ளே போவது எப்போது?

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழா நடத்துகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், நன்று. ஆண்டுதோறும் புதிய மாணவர் சேர்ந்தவுடன், முதல் சனிக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரம், இந்த ஏழு சொற்களைத் தமிழில் சொல்லித்தரும் வகுப்பொன்றையும் நடத்துவோம். வீணானாலும் பாதகமில்லாத கோப்புகளை வைத்து அவர்கள் அங்கே அழித்துப் பழகட்டும். ஆர்வமுள்ள கன்னட நண்பர்களும் வரட்டும். முதல் வகுப்பை எடுக்க நான் ஆயத்தமாயிருக்கிறேன். மூன்று வார உழைப்பை இழந்தவனுக்கு அந்தத் தகுதியேனும் உண்டு!

பாட்டனார் கைநாட்டு வைத்தார். அவரைப் பள்ளிக்கு அனுப்ப ஆளில்லை. தந்தையார் கையொப்பம் இட்டார். பேரன் மீண்டும் கைநாட்டுக்குத் திரும்பலாகாது.