சாரி கார்டு ஆக்சஸரி அல்ல

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-ஆக இறங்கிவிட்டது. அதற்கு மேலுள்ளவை 40 சதவீதத்துக்குப் போயின. 349 சிசி கிளாசிக் தப்பித்தது. ராயல் என்ஃபீல்டு தன் 350 வரிசையில் 22,000 ரூபாய் வரை விலை குறைத்திருக்கிறது. பாகங்களுக்கும் இனி ஒரே 18 சதவீதம்தான். மிச்சமான பணம் ஜி.பி. ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும் நம் பட்டறைகளுக்கும் வரும். "இருபதாயிரம் மிச்சம்ணே, என்ன போடலாம்?" என்று வந்து நிற்கிற பையனுக்கு என்ன பதில் சொல்வது என்பதில் இந்த இதழ் தன் நிலையைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் டயரையும் பிரேக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்போக் சக்கரத்தில் டியூப் ஓடுகிறது. நெடுந்தூரம் போகிறவருக்கு அலாய் வீலும் டியூப்லெஸ்ஸும் நியாயமான செலவு. அடுத்தது சீட்டு, அதன்பின் லெக் கார்டு. கூடுதல் விளக்கு கேட்டால் ரிலே, ஃபியூஸ் வைத்துத் தனி வயர் இழுங்கள். ஹெட்லைட் வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றுவது வேலையே இல்லை. ஹாலோஜனுக்கான ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பைச் செருகினால் ஒளி சிதறி எதிரே வருகிறவர் கண்ணைத்தான் பறிக்கும். சைலன்சர் பற்றிப் பலமுறை எழுதியாயிற்று. பிஎஸ்6 வண்டியில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத பைப்பை மாட்டிவிட்டு, ஆக்ஸிலேட்டரை விடும்போது படபடக்கிறதே என்று இசியூவைக் குறை சொல்லிப் பயனில்லை.

சட்டம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி கட்டமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் குறிப்பிட்டு ஆர்.சி.யில் ஏறிய விவரத்துக்கு மாறாக வண்டி இருக்கக்கூடாது என்றது. அன்றிலிருந்து சோதனைக்கு நிற்கிற அதிகாரி ஆர்.சி.யை ஒரு கையில் வைத்துக்கொண்டு கலரைப் பார்க்கிறார், சத்தத்தைக் கேட்கிறார். 175 சிசிக்கு மேல் 80 டெசிபல் என்பது வண்டியை ஓடவிட்டு முறைப்படி அளக்க வேண்டிய எண். ரோட்டோரத்தில் அதைக் காதால் அளக்கிறார்கள். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆர்.சி.யில் ஏறாத ஒன்றை யாருமே பார்ப்பதில்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சாரி கார்டைச் சொல்கிறேன்.

கிளாசிக்கில் கை வைக்கிற வேலை பாதிக்கு மேல் பின்பக்கத்தில்தான் நடக்கிறது. பாபர் கிட் போட்டால் சாரி கார்டு போகும். மட்கார்டை வெட்டினால் போகும். சைடு பை மாட்டும் ஸ்டே வந்தால் அதற்கு இடம் விட்டுப் போகும். பல நேரம் எந்தக் காரணமும் வேண்டாம், "அசிங்கமா இருக்குண்ணே" என்றாலே ஸ்பானர் இறங்கிவிடும். சிங்கிள் சீட்தானே என்று கழற்றிய வண்டியில் மூன்றே மாதத்தில் கல்யாணமாகி ஸ்ப்ளிட் சீட் திரும்ப வரும். சாரி கார்டு வராது. அது பட்டறை மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும், அல்லது பழைய இரும்பில் போயிருக்கும். ஒருபக்கமாக உட்கார்ந்த பெண்ணின் முந்தானைக்கும் சுழலும் ஸ்போக்குக்கும் நடுவில் அப்போது ஒன்றுமே இல்லை.

மத்திய மோட்டார் வாகன விதி 123 என்ன கேட்கிறது? பின்னால் உட்காருகிறவருக்கு நிலையான கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைத்து உடை சிக்காமல் காக்கும் தடுப்பு. வண்டியின் வடிவமைப்பிலேயே இவை இருக்க வேண்டும் என்கிறது விதி. அப்படியிருக்க, ஷோரூம் பில்லில் சாரி கார்டு ஏன் ஆக்சஸரி பட்டியலில் மேட், சீட் கவரோடு சேர்ந்து தனி விலையில் வருகிறது? அப்படிப்பட்ட பில்களை வாசகர்கள் இந்த அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். சட்டம் கொடு என்று சொன்னதை விலை போட்டு விற்கிறவரிடம் போக்குவரத்துத் துறை ஒரு கேள்வி கேட்டதாக நான் அறியவில்லை. வேண்டுமானால் வாங்கலாம் என்று கடையே சொன்ன பொருளை, வேண்டாம் என்று கழற்றுகிற பையனை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

"சேலை சக்கரத்தில் சிக்கி பெண் பலி" என்ற தலைப்பு நம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் வராத மாதம் உண்டா? சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் விபத்து அறிக்கை போடுகிறது. அதிவேகம், குடிபோதை, எதிர்த்திசை, சிக்னல் மீறல், செல்போன், ஹெல்மெட் என்று பிரித்துக் கணக்குக் காட்டுகிறது. துணி சிக்கிச் செத்தவர்களுக்கு அதில் ஒரு வரி கிடையாது. 'நிலைதடுமாறி விழுந்தார்' என்று எஃப்.ஐ.ஆரில் எழுதி முடித்துவிட்டால், வண்டியில் தடுப்பு இருந்ததா என்ற கேள்வி அதோடு காணாமல் போகிறது. எண்ணாத சாவுக்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை வருடமாக இதை எழுதுகிறோம்! மனு கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு ஒரு கடிதம் வருகிறது, அவ்வளவுதான். கலர் மாறினால் கண்டுபிடிக்கிற கண்ணுக்குப் பின்சக்கரத்தின் இடப்பக்கம் வெறுமையாக இருப்பது தெரியாதா? குனிந்து பார்க்கக்கூட வேண்டாமே!

துறை செய்ய வேண்டியது கடினமானதில்லை. டீலர் பில்லில் சாரி கார்டைத் தனி வரியாகப் போடுவதைத் தடை செய்ய வேண்டும். சோதனையில் விதி 123-ஐயும் பார்க்க வேண்டும். விபத்துப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும்.

நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆர்.சி.யில் இருக்கை இரண்டு என்றிருக்கிற வண்டியில் சாரி கார்டைக் கழற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பை ஸ்டே போட வேண்டுமென்றால், தடுப்புத் தகட்டையும் சேர்த்து வெல்ட் செய்த ஸ்டேயை மட்டும் மாட்டுங்கள். அப்படி அடித்துக் கொடுக்கத் தெரிந்த பட்டறைகள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றின் முகவரியைக் கட்டணமில்லாமல் வெளியிடுகிறோம். இரண்டு பேர் உட்காரும் சீட்டோடு, சாரி கார்டு இல்லாமல் நிற்கும் எந்த வண்டியின் படமும் அடுத்த இதழிலிருந்து நம் பக்கங்களில் வராது. விளம்பரத்துக்கும் இதுதான் நிபந்தனை.